நவரைக்கு யாருடைய தண்ணீர்?

2023 மாட்டுப்பொங்கலுக்கு மறுநாள் தாய்மாமன் கேட்டார்: "மாப்ள, தொள்ளாயிரம் அடிக்கு ஒரு போர் போட்டுடலாமா? மோட்டாரோட ரெண்டே முக்கால் லட்சம், ரெண்டு எண்பது ஆவும்னு சொல்றான் ஏஜெண்டு."

நான் வேளாண்மை படித்தவன் என்பதால் என்னிடம் கேட்டார். முடிவை மனத்துக்குள் எடுத்துவிட்டு, ஆமாம் சொல்ல ஓர் ஆள் தேடினார் என்றும் சொல்லலாம். ஆனால் அவர் கேள்விக்கு அடியில் வேறொரு கேள்வி கிடந்தது. ஆண்டுக்கு ஒரு சம்பா மட்டும் விளைந்த கழனியில் இப்போது சம்பா, அதை அறுத்ததும் தையில் வைக்கும் நவரை, சில ஆண்டுகளில் அதற்கும் பின் சொர்ணவாரியும் என இரண்டு மூன்று போகம் எடுக்கிறோமே, இது எத்தனை நாளைக்கு ஓடும்? ஓராண்டு உட்கார்ந்து போட்ட கணக்கும், அதன்பின் இரண்டு தை மாதங்களில் நடந்ததும் இங்கே. ஊர்ப்பெயர் வேண்டாம். வேலூருக்கு மேற்கே அணைக்கட்டுப் பக்கம், மலை கண்ணுக்குத் தெரிகிற ஓர் ஏரிப்பாசன ஊர்.

நிலம்

மொத்தம் மூன்றரை ஏக்கர். அதில் 2 ஏக்கர் ஏரிக்குக் கீழே கழனி, ஒன்றரை ஏக்கர் மேட்டுக் கொல்லை. கொல்லையில் மானாவாரி மணிலா, அதாவது வேர்க்கடலை. காட்டுப்பன்றி மிச்சம் வைத்தால் வீட்டுக்கு வரும். கழனி நடுவில் 30-க்கு 30 அடிச் சதுரக் கிணறு, ஆழம் 52 அடி. தாத்தா காலத்தில் இதில் மாடு கட்டித் தண்ணீர் இறைக்கும் கவலை ஓட்டினார்கள். 1971-இல் கரண்டு வந்தது, அதையொட்டி ஐ.ஆர். 20 என்ற குட்டை நெல் ரகம் வந்தது. தொண்ணூறுகளில் கிணற்றுக்குள் இறங்கி நான்கு பக்கமும் சைடு போர் குத்தினார்கள். 2002 தொடங்கி மழை பொய்த்த ஆண்டுகளில் அதுவும் கைவிட, கிணற்றின் அடியிலேயே இருநூறு அடிக்குத் துளை போட்டார்கள். இப்போது தொள்ளாயிரம் அடி என்ற பேச்சு.

இதை வரிசையாக எழுதிப் பார்த்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. ஐம்பது ஆண்டுகளில் ஏக்கருக்கு மூட்டை ஏறியதைப் பெருமையாகச் சொல்கிறோம். அதே ஐம்பது ஆண்டுகளில் தண்ணீரைத் தேடி இறங்கிய அடியை யாரும் அதோடு சேர்த்துச் சொல்வதில்லை.

ஐ.ஆர். 20 பற்றி ஒரு வார்த்தை. வெளிநாட்டு நெல் வந்து நம் நெல்லை ஒழித்தது என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். அந்த ரகத்தின் பெற்றோரில் ஒன்று நம் திரூர் நெல் ஆராய்ச்சி நிலையத்தின் டி.கே.எம். 6. அதற்குப் பெற்றோரில் ஒன்று, கிச்சிலி சம்பா என்ற பெயரில் மக்கள் விரும்பிச் சாப்பிட்ட ஜி.இ.பி. 24. பிலிப்பைன்ஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் போய்த் திரும்பி வந்த பேரப்பிள்ளைதான் ஐ.ஆர். 20. சிக்கல் நெல்லில் இல்லை. குட்டைப் பயிருக்கு உரம் வேண்டும், உரத்துக்குத் தவறாத தண்ணீர் வேண்டும். தவறாத தண்ணீரை ஏரி தராது, கிணறுதான் தரும்.

இந்த மாவட்டத்தை முன்பே அளந்தவர்கள்

பசுமைப் புரட்சியை ஊர் ஊராகப் போய் அளந்த ஆய்வுகளில் பழைய வட ஆற்காட்டுக்குத் தனி இடம் உண்டு. 1973-74-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தாரும் சென்னைப் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து இங்குள்ள கிராமங்களில் கணக்கெடுத்தார்கள். புதிய ரகங்கள் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைந்த பரப்பில்தான் அப்போது இருந்தன. கிணறும் காசும் உள்ளவனுக்கே இது பலிக்கும் என்ற ஐயம் அதில் தொனித்தது. பத்தாண்டு கழித்து, பன்னாட்டு உணவுக் கொள்கை ஆராய்ச்சி நிறுவனமும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் மறுபடி வந்தன. 1982-83 வறட்சி ஆண்டு, 1983-84 நல்ல ஆண்டு, இரண்டையும் பார்த்தார்கள். அதற்குள் படம் மாறியிருந்தது. சிறு விவசாயியும் புதிய ரகத்துக்கு வந்திருந்தான், நிலமில்லாதவர் வீட்டு வருமானமும் ஏறியிருந்தது. வேளாண்மையில் கூடிய ஒவ்வொரு ரூபாயும் ஊரின் மற்றத் தொழில்களில் இன்னும் 87 காசைப் பிறப்பித்தது என்பது அவர்கள் கணக்கு. அரிசி ஆலை, சைக்கிள் கடை, துணிக்கடை என்று அது பரவியது.

இதை நான் மறுக்கவில்லை. எங்கள் வீட்டுக்கு ஓடு போட்டதும் அம்மா பள்ளிக்கூடம் போனதும் அந்த 87 காசில்தான். ஆனால் முதல் குழுவிலேயே நிலத்தடி நீரைப் பார்த்தவர்கள் கிணறும் பம்புசெட்டும் பெருகும் வேகத்தைக் கண்டு எச்சரித்திருந்தார்கள். வருமானம் ஏறிய கதைதான் ஊரெல்லாம் பரவியது. கிணற்றைப் பற்றிச் சொன்னது அடிக்குறிப்பாக நின்றுவிட்டது. பின்னர் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசமானதும் அடிக்குறிப்பும் மறந்தது.

பாலாற்றங்கரையில் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கத்து நிலங்கள் வேறு வழக்கு. அங்கே தோல் பதனிடும் கழிவால் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுதுமோ பாழானது என்ற கணக்கை உச்ச நீதிமன்றம் 1996 தீர்ப்பில் எடுத்துக்காட்டியது. கெடுத்தவனே ஈடு செய்ய வேண்டும் என்ற நெறி இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அந்தத் தீர்ப்பு உறுதிப்படுத்தியது. எங்கள் ஊர் அந்தப் பட்டைக்கு வெளியே இருக்கிறது. இங்கே கிணற்றை யாரும் கெடுக்கவில்லை, நாங்களே இறைத்துத் தீர்க்கிறோம்.

தண்ணீர்

மாமாவிடம் முதலில் கேட்டது ஒரு கயிறும் ஒரு கல்லும். அமாவாசைக்கு அமாவாசை காலையில், மோட்டார் போடுமுன், மேல் விளிம்பிலிருந்து தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று அளக்க வேண்டும். அதற்கு முன்பே அவரிடம் பால் கணக்கு நோட்டில் சில குறிப்புகள் இருந்தன. 2021 நவம்பரில் பாலாற்றில் ஒரு லட்சம் கன அடிக்கு மேல் வெள்ளம் ஓடியதே, அந்த மழையில் எங்கள் ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தது. 2022 தையில் தண்ணீர் 12 அடியில் நின்றது, பங்குனியில் 30-க்குப் போனது. 2023 தையில் 18, பங்குனியில் 41. 2024 தையில் 26. நூறாண்டில் காணாத வெள்ளத்தின் மிச்சம் இரண்டு நவரைக்குத்தான் வந்திருக்கிறது.

இனி வாய்க்கணக்கு. இந்தப் பக்கத்துப் பாறை நிலத்தில், மேலே உள்ள உளுத்த பாறையில்தான் தண்ணீர் நிற்கும். அதன் கொள்ளளவு நூற்றுக்கு ஒன்று முதல் மூன்று பங்கு. ஒன்றரை என்று வைத்தால், ஓர் ஏக்கருக்கு அடியில் நீர்மட்டம் ஒரு மீட்டர் இறங்கினால் கிடைப்பது 60 கன மீட்டர், அதாவது ஐந்து டேங்கர் லாரி. நெல்லுக்கு ஒரு போகத்துக்கு 1,200 மில்லிமீட்டர் தண்ணீர் பாய்ச்சுகிறோம் என்றால் ஏக்கருக்கு ஏறத்தாழ 4,850 கன மீட்டர். அதில் பாதி மண்ணுக்குள் இறங்கித் திரும்பக் கிணற்றுக்கே வருகிறது என்று தாராளமாக விட்டாலும் 2,400 கன மீட்டர் போனது போனதுதான்.

வரவு என்ன? வேலூர்ப் பக்கம் ஆண்டு மழை ஏறத்தாழ 950 மில்லிமீட்டர். பாறை நிலத்தில் அதில் பத்தில் ஒரு பங்கு கீழே இறங்கும் எனலாம். ஏக்கருக்கு 380 கன மீட்டர் சொச்சம். அப்படியானால் ஓர் ஏக்கர் நவரை குடிப்பது ஆறு ஏக்கருக்கு மேல் பெய்த மழையின் ஊற்று.

இந்த இடத்தில் மாமா நிறுத்தினார். "அப்ப மீதி அஞ்சு ஏக்கர் யாருது?"

அந்தக் கேள்வியைத்தான் நான் எதிர்பார்த்தேன். எங்கள் ஏரிக்குக் கீழே ஒரே நீரோட்டத்தில் ஏறத்தாழ நூறு ஏக்கர் இருக்கிறது, அதில் முப்பது ஏக்கரில் நவரை. முப்பது ஏக்கர் குடிக்கும் 72,000 கன மீட்டரை நூறு ஏக்கருக்கு அடியிலிருந்து எடுத்தால், பக்கத்திலிருந்து ஊறி வருவதைச் சேர்க்காவிட்டால், நீர்மட்டம் 12 மீட்டர் இறங்க வேண்டும். சுமார் 39 அடி. நோட்டிலே 2023-இல் இறங்கியது 23 அடி. ஏரியும் மலையடிவாரமும் மீதியைக் கொடுத்திருக்கின்றன. ஏரி நிரம்பாத ஆண்டில் அந்த உதவியும் இல்லை.

கிணற்றின் ஊறும் வேகத்தையும் பார்த்தோம். தையில் இறைத்த ஐந்து அடியை ஓர் இரவில் மீட்டது. ஓர் அடி என்பது 25 கன மீட்டர், ஆக நாளுக்கு 125. பங்குனியில் இரவெல்லாம் ஊறியும் இரண்டு அடிதான், 50 கன மீட்டர். வெயில் காலத்தில் கதிர் பிடிக்கும் நெல்லுக்கு ஏக்கருக்கு நாளொன்றுக்கு 40 கன மீட்டர் வேண்டும். இரண்டு ஏக்கருக்கு 80. பால் பிடிக்கும் பருவத்தில் சரியாக முப்பது குறைகிறது. ஒவ்வொரு நவரையிலும் கடைசி இருபது நாள் மாமா தூங்காமல் மும்முனைக் கரண்டுக்குக் காத்துக் கிடந்ததன் காரணம் கரண்டு மட்டுமில்லை.

கரண்டுக்கும் ஒரு கணக்கு உண்டு. 15 மீட்டரிலிருந்து ஒரு போகத் தண்ணீரை ஏக்கருக்கு இறைக்க, மோட்டார் திறன் நாற்பது விழுக்காடு என்று வைத்தால், 500 யூனிட் போதும். 60 மீட்டரிலிருந்து என்றால் 2,000. பில் வராததால் இந்த நான்கு மடங்கு எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறுவதில்லை.

மண்

பக்கத்துக் கழனிக்காரருக்கு 45 அடிக் கிணறு. அது வற்றி ஐந்து ஆண்டாகிறது. அவர் இப்போது ராணிப்பேட்டையில் இரவுக் காவல் வேலை பார்க்கிறார். நிலம் கரம்பாய்க் கிடக்கிறது. வினோதம் என்னவென்றால், மண் பரிசோதனைக்கு இரண்டு நிலத்திலும் மண் எடுத்தபோது அவருடையதில் மண்ணின் மக்கு வளத்தைக் காட்டும் அங்ககக் கரிமம் கொஞ்சம் மேல். எங்களுடையது குறைவு என்ற வகையில் வந்தது, அதாவது அரை விழுக்காட்டுக்கும் கீழே.

காரணம் தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. குறுகிய கால நெல்லுக்குப் பரவலாகச் சொல்லும் அளவு ஹெக்டேருக்குத் தழை, மணி, சாம்பல் சத்து 120:40:40 கிலோ. ஏக்கருக்குத் தழைச்சத்து ஏறத்தாழ 48 கிலோ. மாமா போட்டது யூரியா 4 மூட்டை, டி.ஏ.பி. ஒரு மூட்டை. 45 கிலோ யூரியா மூட்டையில் தழைச்சத்து 20 கிலோவுக்கு மேல். கூட்டினால் 90 கிலோ தாண்டுகிறது. பொட்டாஷ் பூஜ்யம். பயிர் கருகருவென்று நின்றது, கூடவே சாறு உறிஞ்சும் புகையான் பூச்சியும் வந்தது. புகையானுக்கு மருந்து அடித்த செலவை யூரியா கணக்கில் எழுதுங்கள் என்றால் மாமா சிரிக்கிறார்.

வைக்கோலும் போகிறது. அறுவடை மெஷின் போன மறுநாளே கட்டு கட்டும் மெஷின் வருகிறது. ஒரு டன் வைக்கோலோடு ஏறத்தாழ 15 கிலோ சாம்பல்சத்து வண்டி ஏறுகிறது. தாத்தா காலத்தில் தழையுரமாகக் கொழுஞ்சி, புங்கந்தழை மிதித்தார்கள், ஆட்டுக்கிடை போட்டார்கள், கோடையில் ஏரி வண்டல் அடித்தார்கள். போகத்துக்கும் போகத்துக்கும் நடுவே நிலம் சும்மா இருந்தால்தான் இதற்கெல்லாம் நேரம். சம்பா அறுத்த பத்தாம் நாள் நவரைக்குச் சேறடித்தால் கொழுஞ்சி எங்கே முளைப்பது?

ஆனாலும் மண்ணுக்கு மருந்து உண்டு. மூன்று நான்கு ஆண்டில் மீட்கலாம். தண்ணீருக்கு அப்படிச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

பணம்

நவரையில் ஏக்கருக்கு 30 மூட்டை, மூட்டை 75 கிலோ. குண்டு நெல்லை வியாபாரி 1,450 ரூபாய்க்கு எடுத்தார். வரவு 43,500. உழவு, நடவு, களை, உரம், மருந்து, அறுப்பு எல்லாம் கைவிட்டுப் போனது 31,500. மிச்சம் 12,000, மாமாவும் அத்தையும் உழைத்த கூலியைப் போடாமல். இரண்டு ஏக்கருக்கு 24,000. போருக்கு 2,80,000 என்றால், வட்டியே இல்லாவிட்டாலும் பன்னிரண்டு நவரை பிழையில்லாமல் விளைந்தால் முதல் திரும்பும். எங்கள் சுற்றுவட்டாரத்தில் ஆழத்துளைகள் பலவும் மூன்று நான்கு கோடையில் வற்றிப் புகை விட்டிருக்கின்றன. இந்தக் கணக்கு ஒன்றே போதும் போர் வேண்டாம் என்று சொல்ல. தண்ணீர், மண் எல்லாம் பேசாமல் இதை முதலில் காட்டியிருந்தால் பொங்கலன்றே வேலை முடிந்திருக்கும்.

செய்த மாற்றம்

சம்பா 2 ஏக்கரும் அப்படியே. அதில் தண்ணீரைக் கட்டி வைக்காமல் காய்ச்சலும் பாய்ச்சலுமாக விட்டோம். கழனியில் துளையிட்ட குழாய் ஒன்றைப் பதித்து, தண்ணீர் மண்ணுக்குக் கீழே அரை அடி இறங்கிய பிறகே பாய்ச்சல். உரத்தில் யூரியாவைப் பாதியாக்கி, இலை வண்ண அட்டை பார்த்துப் பிரித்துப் போட்டோம், பொட்டாஷ் சேர்த்தோம். சம்பா மகசூல் குறையவில்லை. புகையான் வரவில்லை, வராததற்கு அதுதான் காரணமா என்று ஒரு பருவத்தை வைத்துச் சொல்ல மாட்டேன்.

தையில்தான் பெரிய மாற்றம். நவரை நெல் 60 சென்ட் மட்டும். வீட்டுச் சாப்பாட்டுக்கும் இரண்டு கறவை மாட்டுக்கு வைக்கோலுக்கும் அது வேண்டும் என்று அத்தை அடித்துச் சொல்லிவிட்டார். ஓர் ஏக்கர் கேழ்வரகு. 40 சென்ட் முள் கத்தரி, மானியத்தில் சொட்டுநீர். இலவம்பாடி முள் கத்தரிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து எல்லார் வாயிலும் அதே பேச்சு.

கேழ்வரகு முதலாண்டு 9 குவிண்டால். கதிர் அறுக்க ஆள் கூலியும் குருவி தின்றதும் போக, கையில் நின்றது நெல்லுக்குச் சமம், தண்ணீர் பாதி. கத்தரிதான் ஆட்டம் காட்டியது. முதலாண்டு 40 சென்டில் 38,000 ரூபாய் நின்றது. அடுத்த ஆண்டு எல்லாரும் அதையே வைக்க, வேலூர் மார்க்கெட்டில் கிலோ 8 ரூபாய்க்கு விழுந்து மிச்சம் 6,000. தண்டு, காய்த்துளைப்பான் புழுவுக்கு மொத்தம் 14 தடவை மருந்து. தண்ணீர்க் கணக்கில் ஜெயித்த பயிர் மருந்துக் கணக்கில் தோற்றது. இதைத் தீவிர வேளாண்மைக்கு மாற்று என்று சொன்னால் நான் பொய் சொல்கிறவன்.

சொட்டுநீர் பற்றியும் ஒரு கசப்பு. சொட்டுநீரில் பாதித் தண்ணீர் மிச்சம் என்கிறோம். வாய்க்காலில் பாய்ச்சியபோது வீணானதாகச் சொன்ன தண்ணீரில் பெரும்பங்கு கிணற்றுக்கே திரும்பியது. இப்போது திரும்புவதில்லை. மிச்சமான தண்ணீரில் கூடுதலாக ஒரு துண்டு நிலத்துக்குக் குழாய் இழுத்தால், செடி குடிப்பது கூடி, நீர்மட்டம் முன்னைவிட வேகமாய் இறங்கும். எங்கள் ஊரில் இரண்டு பேர் இதைத்தான் செய்திருக்கிறார்கள், இருவரும் நல்ல விவசாயி என்று பெயர் வாங்கியவர்கள்.

அளந்ததில் தெரிந்தது

2024 பங்குனியில் 43 அடி. எங்கள் நவரை நெல் ஏறத்தாழ முக்கால்வாசி குறைந்தும் கிணறு முந்தைய ஆண்டைவிடக் கீழே போனது. டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை கொட்டியது. 2025 தையில் 14 அடி, பங்குனியில் 29. இந்த முன்னேற்றத்தைக் காட்டி எங்கள் மாற்றம் பலித்தது என்று எழுத ஆசைதான். மழை செய்தது எவ்வளவு, நாங்கள் செய்தது எவ்வளவு என்று பிரிக்க முடியாது. முப்பது ஏக்கர் நவரையில் நாங்கள் குறைத்தது 1 ஏக்கர் 40 சென்ட். அதனால் மட்டம் எங்கள் கயிற்றில் தெரிகிற அளவுக்கு மாறியிருக்க வழியில்லை.

இங்கேதான் இந்த ஆய்வு என்னைத் தோற்கடித்தது. ஒரு பண்ணையைத் தனியே எடுத்து, மண், தண்ணீர், பணம் என்று மதிப்பெண் போட்டு, இது நீடிக்கும், இது நீடிக்காது என்று சொல்லும் அட்டவணைகளை நான் படித்திருக்கிறேன். மாமாவின் பண்ணைக்கு 2022-இல் அப்படிப் போட்டிருந்தால் தேறியிருக்கும். நல்ல மகசூல், கடனில்லை, கிணற்றில் தண்ணீர். அந்த மதிப்பெண்ணில் ஒரு பங்கு, பக்கத்துக் கழனிக்காரர் நிலத்தைக் கரம்பாகப் போட்டதால் வந்தது. அவர் குடிக்காத தண்ணீரைத்தான் நாங்கள் குடித்தோம்.

ஏரித் தண்ணீரைப் பங்கிட நீர்க்கட்டி என்று ஓர் ஆள் இருந்தார். எந்த மதகு எப்போது திறக்கும், எந்தக் கழனிக்கு எத்தனை நாழிகை என்பதற்கு முறை இருந்தது, கூலியாக நெல் அளந்தார்கள். ஏரி குறைந்த ஆண்டில் எவ்வளவு பரப்பில் பயிர் வைப்பது என்று ஊர் கூடிப் பேசியதை மாமாவே பார்த்திருக்கிறார். கிணற்றுத் தண்ணீருக்கு அப்படி ஆளும் இல்லை, முறையும் இல்லை. நாகநதியில் நூறு நாள் வேலைப் பெண்கள் கட்டிய, மழைநீரை நிலத்துக்குள் இறக்கும் செறிவூட்டுக் கிணறுகள் போல இங்கும் கட்டலாம் என்றேன். கட்டலாம்தான். வரவைக் கூட்டும். செலவைப் பேச வேண்டிய இடத்தில் அதுவும் பேச்சை மாற்றுகிற வேலைதான்.

2025 ஆடியில் ஒரே நீரோட்டத்தில் உள்ள ஆறு கிணற்றுக்காரர்களை மதகடிக்கு வரச் சொன்னார் மாமா. நான்கு பேர் வந்தார்கள். பால் நோட்டைக் காட்டினோம். ஏரி பாதிக்குக் கீழே இருக்கும் ஆண்டில் ஆளுக்கு அரை ஏக்கருக்கு மேல் நவரை வேண்டாம் என்று பேசிப் பார்த்தோம். மூன்று பேர் தலையாட்டினார்கள். நான்காமவர் போன சித்திரையில்தான் 1,050 அடிக்குப் போர் போட்டவர், நகையை வைத்து. கோபமெல்லாம் இல்லை, நிதானமாகக் கேட்டார்:

"நீ நவரைய வுட்டா, அந்தத் தண்ணி என் போருக்குத்தானண்ணா வரப்போவுது? எனக்கு நல்லதுதான், வுடு."

மாமா பதில் சொல்லவில்லை. வருகிற தைக்கு எவ்வளவு நாற்று விடுவது என்று இன்னும் முடிவாகவில்லை. கல் கட்டிய கயிறு மோட்டார் கொட்டகை ஆணியில் தொங்குகிறது. தலையாட்டிய மூவரில் ஒருவர் போன அமாவாசைக்கு வந்து அதைக் கேட்டு வாங்கிப்போய், தன் கிணற்றை அளந்துவிட்டுக் கொண்டுவந்து மாட்டினார்.